பனிவெளியில் பிறந்து கொல்கத்தாவில் குளிர்காயும் பறவை

கொல்கத்தா மாநகரின் கிழக்கு எல்லையைத் தாண்டிச் சென்றால் உயர்ந்த கட்டடங்களின் வரிசை சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நீர்ப்பரப்புத் தொடங்குகிறது. வரப்பும் வாய்க்காலும் மூங்கில் கம்புகளுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் மீன் வளர்க்கும் குளங்கள். வங்காளிகள் இவற்றைப் பேரி என்று அழைப்பர். நம் ஊர்ப் பேரிகைக்கும் இதற்கும் உறவில்லை. கரை கட்டி நீரைத் தேக்கிய ஆழமற்ற மீன்பண்ணை என்பதே பொருள். மார்கழி, தை மாதங்களில் இந்தப் பேரிகளுள் சிலவற்றிலிருந்து நீரை வடித்துத் தரையைக் காயவிடுவது வழக்கம். அந்த ஈரச் சேற்றின் மீது, புறாவைவிடச் சற்றுச் சிறிய பழுப்பு நிறப் பறவைகள் இருபது முப்பது நிற்பதைக் காணலாம். நிற்பதை என்று சொன்னாலும், காண்பது எளிதன்று. அவை அசையாமல் இருக்கும் வரையில் சேற்றுக் கட்டிகளுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை தெரியாது. ஒன்று நாலடி ஓடும், நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடியும் தலை நிமிர்ந்து சிலையாகிவிடும். வெயில் சாய்வாக விழும்போது முதுகின் மீது தங்கத்தூள் தூவியது போன்ற புள்ளிகள் பளிச்சிடும்.

இதுவே பொன் உப்புக்கொத்தி. வங்காளத்தில் சோனாஜிரியா என்பர். இதன் அறிவியற் பெயர் புளுவியாலிஸ் புல்வா. முதற்சொல் இலத்தீன் மொழியில் மழையைக் குறிப்பது. இரண்டாவது சொல் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிப்பது. பசிபிக் பெருங்கடலின் டஹீட்டித் தீவிலிருந்து கிடைத்த பறவையைக் கொண்டு 1789ஆம் ஆண்டில் கிமேலின் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். ஆனால் இப்பறவை டஹீட்டியிலும் பிறந்ததன்று, கொல்கத்தாவிலும் பிறந்ததன்று. கொல்கத்தாவுக்கு நேர் வடக்கே 5000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவின் வட விளிம்பில், மரமே முளைக்காத தூந்திரப் பிரதேசத்தில் வெறுந்தரையில் இட்ட முட்டையிலிருந்து வெளிவந்தது. மேற்கே யமால் தீபகற்பம் தொடங்கிக் கிழக்கே அலாஸ்காவின் மேற்குக் கரை வரையில் இவ்வினத்தின் பிறந்தகம் நீண்டு கிடக்கிறது.

தூந்திரம் என்பதை நேயர்கள் பள்ளிப் பூகோளத்தில் படித்திருப்பீர்கள். ஆண்டில் எட்டு ஒன்பது மாதங்கள் பனி மூடிய நிலம். கோடையிலும் மேற்பரப்பில் ஒரு சாண், இரு சாண் அளவுக்கே மண் இளகும். அதன் கீழே நிலம் நிரந்தரமாக உறைந்தே இருக்கும். வேர் ஆழமாக இறங்க வழியில்லாமையால் மரங்கள் இல்லை. பாசியும் கற்பாசியும் முழங்கால் உயரக் குற்றுச்செடிகளுமே தாவரங்கள். உருகிய பனிநீர் கீழே இறங்க முடியாமல் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். அந்தக் குட்டைகளிலிருந்து கொசுவும் ஈயும் கோடிக்கணக்கில் கிளம்பும். மனிதனுக்கு நரகம், குஞ்சு வளர்க்கும் பறவைக்கோ திறந்து வைத்த உணவுக் களஞ்சியம். போதாததற்கு, கோடையின் பெரும்பகுதியில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் இரை தேடலாம். ஆனால் இவையெல்லாம் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கே. ஜூன் முதல் வாரத்தில் பனி விலகுகிறது. ஆகஸ்டு முடிவதற்குள் திரும்பவும் குளிர் வந்துவிடுகிறது. அதற்குள் கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

மரமில்லாத நாட்டில் கூடு தரையில்தான். நம் ஊர் வயல்வெளிகளில் ஆள்காட்டிக் குருவி நான்கு கற்களுக்கு நடுவே முட்டையிடுவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆண் பறவை, பனி முதலில் விலகும் மேட்டுப்பாங்கான உலர்ந்த இடமாகப் பார்த்து, நெஞ்சை அழுத்திச் சுழன்று ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கும். அதில் கற்பாசித் துணுக்குகளும் உலர்ந்த இலைகளும் பரப்பப்படும். கூடு என்பது அவ்வளவே. அதில் நான்கு முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு முனை கூர்ந்து பேரிக்காய் வடிவில் இருக்கும். கூர்முனைகள் உள்நோக்கிச் சேர, நான்கும் ஒரு வட்டத்தின் நான்கு துண்டுகள் போல நெருங்கிப் பொருந்தும். சிறிய உடலைக் கொண்டு பெரிய முட்டைகளைச் சூடாக வைத்திருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. முட்டைகள் பெரியவையே. நான்கின் எடையையும் கூட்டினால் தாயின் எடையில் பாதிக்கு மேல் வரும். அவ்வளவு பெரிய முட்டையின் உள்ளே நன்கு முதிர்ந்த குஞ்சு உருவாகிறது என்பது அதன் பயன்.

அடைகாக்கும் வேலையைத் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் பகலில் ஆண், இரவில் பெண். இரவே இல்லாத நாட்டில் இரவு முறை எது, பகல் முறை எது என்று அவை எப்படி அறிகின்றன என்று கேட்கலாம். நள்ளிரவிலும் சூரியன் இருந்தாலும், அது அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும், வெப்பம் குறையும், ஒளியின் நிறம் மாறும். அந்த அளவு வேற்றுமையே அவற்றுக்குப் போதும். ஏறத்தாழ 26 நாள்கள் இந்த முறை மாறாமல் நடக்கிறது. தூந்திரத்துப் பறவைகள் எல்லாம் இவ்வளவு பொறுப்பானவை என்று எண்ண வேண்டா. அதே கொல்கத்தாப் பேரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் பேதை உள்ளானில், ஆண் பறவை கழுத்தில் இறகுப் பட்டையை விரித்து ஆடிப் பெண்ணைக் கவர்வதோடு சரி. அதன் பின் கூட்டின் பக்கம் தலைகாட்டுவதில்லை.

கோடைக்காலத்துப் பொன் உப்புக்கொத்தியை, பேரிச் சேற்றில் கண்ட அதே பறவை என்று சொன்னால் நம்புவது கடினம். முகம், தொண்டை, மார்பு, வயிறு எல்லாம் மைக்கறுப்பு. நெற்றியில் தொடங்கிக் கண்ணுக்கு மேலாகக் கழுத்தின் பக்கவாட்டில் வளைந்து இறங்கும் ஒரு வெள்ளைக் கோடு. முதுகெங்கும் பொன்னும் கருமையும் கலந்த புள்ளிகள். இத்தனை ஆடம்பரமான பறவை தரையில் அமர்ந்து அடைகாத்தால் பகைவர் கண்ணுக்குத் தப்புமா? தப்புகிறது. கறுத்த வயிறு முட்டையின் மேல் மறைந்துவிடுகிறது. மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது புள்ளியிட்ட முதுகு மட்டுமே. மஞ்சளும் கறுப்பும் சாம்பலுமான கற்பாசி விரிப்பில் அந்த முதுகு இன்னொரு கற்பாசி மேடு.

அப்படியும் துருவ நரி மோப்பம் பிடித்து நெருங்கிவிட்டால், தாயோ தந்தையோ கூட்டிலிருந்து சத்தமின்றி நழுவிச் சற்றுத் தொலைவு ஓடி, அங்கிருந்து ஒரு நாடகத்தைத் தொடங்கும். ஒரு சிறகு முறிந்தது போலத் தரையில் இழுபடும், வால் விரியும், குரல் பரிதாபமாக ஒலிக்கும். எளிதில் கிடைக்கும் இரையென்று நரி பின்தொடரும். கூட்டிலிருந்து போதிய தொலைவு வந்ததும் முறிந்த சிறகு குணமாகிவிடும், பறவை பறந்துவிடும். சில வேளை இன்னொரு வேடமும் உண்டு. உடலைத் தாழ்த்தி, இறகைச் சிலிர்த்து, எலி ஓடுவது போலப் புல்லுக்குள் ஓடும். நரிக்கு எலியைக் கண்டால் துரத்தாமல் இருக்க முடியாது என்பதை இப்பறவையின் முன்னோர் எந்தக் காலத்திலோ பயன்படுத்திக்கொண்டிருக்கின்றனர்.

குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே, ஈரம் உலர்ந்ததும், எழுந்து நடக்கத் தொடங்கும். தாய் ஊட்டுவதில்லை. தன் இரையைத் தானே கொத்தித் தின்னும். பெற்றோர் செய்வது இரண்டே காரியங்கள்: குளிரும்போது சிறகுக்கடியில் சேர்த்துக்கொள்வது, ஆபத்து வரும்போது குரல் கொடுப்பது. எச்சரிக்கை ஒலி கேட்டதும் குஞ்சு அந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிவிடும். நான்கு வாரங்களில் சிறகு முற்றிப் பறக்கும்.

இப்பறவைகளின் தலைவிதியை நிர்ணயிக்கும் மற்றொரு பிராணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லெம்மிங் என்பது தூந்திரத்தில் வாழும் குட்டை வால் எலி. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கணக்கின்றிப் பெருகும். அடுத்த ஆண்டில் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். பெருகிய ஆண்டில் துருவ நரியும், ஸ்கூவா என்னும் கொள்ளைக்காரக் கடற்பறவையும், பனி ஆந்தையும் லெம்மிங்கையே தின்று கொழுத்துத் தாமும் பெருகும். பறவை முட்டையைத் தேட அவற்றுக்கு அவசியம் இராது. அடுத்த ஆண்டு லெம்மிங் மறைந்ததும், பெருகிவிட்ட பகைவர் கூட்டம் பசியோடு முட்டைகளின் மீதும் குஞ்சுகளின் மீதும் திரும்பும். அந்த ஆண்டில் தரையில் கூடு கட்டிய பறவைகளில் பல, குஞ்சே இல்லாமல் தெற்கு நோக்கித் திரும்பும்.

இதில் வியப்பு யாதெனில், இந்தக் கணக்கைச் சைபீரியாவுக்குப் போகாமலே படித்தறியலாம் என்பதுதான். தைமீர் தீபகற்பத்திலும் அதை அடுத்த பகுதிகளிலும் முட்டையிடும் வளைமூக்கு உள்ளான் குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் இந்தியக் கடற்கரைகளுக்கும் வருகிறது. வலையில் பிடித்து வளையமிடும் ஆராய்ச்சியாளர்கள் இறகின் ஓரத்தைப் பார்த்தே இது இவ்வாண்டுக் குஞ்சு, இது முதிர்ந்தது என்று பிரித்துவிடுவார்கள். சில ஆண்டுகளில் இளம் பறவைகள் நிறைய வரும். சில ஆண்டுகளில் ஒன்றிரண்டுகூடத் தேறாது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் அறிஞர்கள் இந்த ஏற்றத் தாழ்வை லெம்மிங்கின் ஏற்றத் தாழ்வோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் இணைந்து நடப்பது தெரிந்தது. நம் தஞ்சைக் கடற்கரையின் கோடியில் உள்ள கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக வளையமிட்டு வரும் பறவைகளுள் இந்த உள்ளானும், உளுந்து வடையளவுகூட எடையில்லாத கொசு உள்ளானும் முக்கியமானவை. உப்பளத்துச் சேற்றில் நிற்கும் ஒரு கைப்பிடிப் பறவை, துருவப் பகுதியின் எலிக்கணக்கை நமக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் இப்பறவைகள் எங்கே முட்டையிடுகின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் புதிராக இருந்தது. இங்கிலாந்தின் எஃகு வணிகரும் பறவை ஆர்வலருமான ஹென்றி சீபோம் 1875இல் பெச்சோரா ஆற்றுப் பகுதிக்குச் சென்று, சாம்பல் உப்புக்கொத்தி, கொசு உள்ளான் ஆகியவற்றின் முட்டைகளைக் கொண்டுவந்தார். வளைமூக்கு உள்ளானின் முட்டையைத் தேடி 1877இல் யெனிசெய் ஆற்றின் வழியே போனார், கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1897இல், பாப்ஹம் என்பவரே அதே யெனிசெய் முகத்துவாரப் பகுதியில் அதைக் கண்டெடுத்தார். 1914இல் மாட் ஹாவிலண்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி அந்த ஆற்றின் வழியே வடக்கே சென்று, கொசுப்படைக்கு நடுவே கூடுகளின் அருகில் படுத்துக் கிடந்து பறவைகளின் நடத்தையைக் குறித்துக்கொண்டு வந்து, மறு ஆண்டு நூலாக வெளியிட்டார்.

புதிரின் மறுபாதி கொல்கத்தாவில் விடுவிக்கப்பட்டது. எட்வர்டு பிளைத் என்பவர் 1841இல் ஆசியக் கழகத்துப் பொருட்காட்சிச் சாலையின் காப்பாளராக இந்நகருக்கு வந்து, 1862 வரையில் பணியாற்றினார். சொற்பச் சம்பளம், காட்டுக்குப் போய் ஆராய வசதியில்லை. ஆகவே அவர் கடைத்தெருவுக்குப் போனார். குளிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் பிடித்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்த வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் நடுவே அரிய இனங்களைத் தேடி எடுத்தார். டார்வினுக்கு இந்தியாவிலிருந்து செய்தி அனுப்பியவர்களுள் அவரும் ஒருவர். அவருக்குப் பின், இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவரென நாம் அறிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இந்தியப் பறவைகளுக்கெனத் தாம் நடத்திய பத்திரிகையை 1870களில் கொல்கத்தாவிலிருந்தே வெளியிட்டார். நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பொருட்காட்சிச் சாலையில் இருந்த பிராங்க் பின்னும் பிளைத்தைப் போலவே சந்தையை ஆராய்ச்சிச் சாலையாகக் கொண்டவர். சமையலறைக்குப் போகவேண்டிய பறவைகளிலிருந்து ஒரு நாட்டின் பறவையியல் வளர்ந்தது என்றால் மிகையன்று. பொன் உப்புக்கொத்தி வேட்டையாடுவோருக்கு எக்காலத்தும் பிடித்தமான பறவை, வேகமாகப் பறப்பது. இதன் ஐரோப்பிய உறவினத்தைச் சுட்டுத் தவறவிட்ட சர் ஹியூ பீவர், 1951இல் அயர்லாந்தின் வெக்ஸ்போர்டில், ஐரோப்பாவிலேயே விரைந்து பறக்கும் வேட்டைப் பறவை எது என்று நண்பர்களுடன் வாதாடினார். விடை சொல்லும் நூல் எதுவும் இல்லாமையால் எழுந்த எண்ணமே 1955இல் கின்னஸ் சாதனைப் புத்தகமாக வெளிவந்தது. இன்று இந்தியாவில் இத்தகைய வேட்டை சட்டப்படி குற்றம்.

பயணத்துக்கு வருவோம். பறவைகள் ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாகச் செல்வதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்டதே அந்த அறிவின் மேல்தான். ஆனால் அந்தப் பயணத்தின் அளவு அண்மைக் காலத்தில்தான் தெளிவாயிற்று. புறப்படுவதற்கு முன் பொன் உப்புக்கொத்தி சில வாரங்கள் ஓயாமல் தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்க்கிறது. சாதாரண நாளில் 130 கிராம் அளவில் இருக்கும் பறவை 200 கிராம் வரையிலும் கனத்துவிடுகிறது. கொழுப்பே எரிபொருள். அலாஸ்காவில் முட்டையிடும் பறவைகள் இந்த எரிபொருளைக் கொண்டு ஹவாய்த் தீவுகளுக்கு ஏறத்தாழ 4800 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நான்கு நாள்களில் கடக்கின்றன. வழியில் கடலைத் தவிர ஒன்றுமில்லை, தண்ணீரில் இறங்கி ஓய்வெடுக்கவும் இப்பறவைக்கு வசதியில்லை. ஓரிரு கிராம் எடையுள்ள கருவியைக் காலில் பொருத்திப் பெற்ற உண்மைகள் இவை. வங்காளத்துக்கு வரும் பறவைகளுக்கு அவ்வளவு பெரிய கடல் குறுக்கிடுவதில்லை. பாலைவனங்களும் இமயமும் குறுக்கிடுகின்றன. முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசியப் பறவைப் பாதையும், கிழக்காசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் பாதையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் கொல்கத்தா இருக்கிறது.

முதிர்ந்த பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். அவ்வாண்டுக் குஞ்சுகள் பின்தங்கி, இன்னும் சில வாரங்கள் தின்று வலுவேற்றிக்கொண்டு, தாமே கிளம்பும். வழி காட்டப் பெரியவர் எவரும் உடன் வருவதில்லை. முன்பின் பார்த்திராத பாதையில், முன்பின் பார்த்திராத ஊருக்குப் போகவேண்டும். சூரியனின் நிலை, விண்மீன்களின் சுழற்சி, பூமியின் காந்தப் புலம் ஆகியவை பறவைகளுக்குத் திசை காட்டுகின்றன என்பதைச் சோதனைகள் நிறுவியுள்ளன. ஒருமுறை வந்த இடத்தை நினைவில் வைத்து மறு ஆண்டும் அங்கேயே வந்து சேரும் பழக்கமும் உண்டு. ஹவாயில் ஒரே புல்தரைக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து, அதைத் தன் சொத்தாகக் கருதி மற்றப் பறவைகளை விரட்டும் உப்புக்கொத்திகளை வளையமிட்டுக் கவனித்திருக்கின்றனர். ஒன்று 21 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அத்தனை ஆண்டுகளில் அது பறந்த தூரத்தைக் கணக்கிடுவதை நேயர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி கொல்கத்தாவில் அதன் வாழ்க்கை. இங்கே அதற்கு வேண்டியவை இரண்டு: திறந்த தரை, அதில் புழு பூச்சி. இரண்டையும் மாநகரின் சாக்கடையே அளிக்கிறது என்பது இந்த ஊரின் விசித்திரம். கிழக்கே பரந்து கிடந்த உப்பேரிகள் ஒரு காலத்தில் வித்யாதரி ஆற்றின் வழியே வந்த கடல்நீரால் நிரம்பியவை. ஆறு தூர்ந்து 1920களின் இறுதியில் செத்துவிட்டது. உப்புநீர் நின்றது. மீனவர்கள் அதற்குப் பதிலாக நகரத்துக் கழிவுநீரைக் குளங்களில் அளவறிந்து பாய்ச்சக் கற்றுக்கொண்டனர். ஆழமற்ற நீரில் வெயில் நன்றாகப் படுகிறது; நுண்பாசிகள் பெருகுகின்றன; நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன; பாசியைத் தின்று ரோகுவும் கட்லாவும் மிருகாலும் வளர்கின்றன; தெளிந்த நீர் வயல்களுக்குப் போகிறது. மாநகரத்தின் கழிவைத் தூய்மைப்படுத்தப் பெருஞ்செலவில் இயந்திர நிலையம் வேண்டியிருக்கவில்லை. 1980களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மேற்கு வங்க அரசின் பொறியாளரான துருபஜோதி கோஷ், 2018இல் மறைந்தார். பொறியியல் நூல்களில் காணாத ஒரு நுட்பத்தை எழுத்தறியாத மீனவரிடம் கற்றதாகக் கூச்சமின்றி ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

குளிர்காலத்தில் பேரியை வடித்துத் தரையை உலர்த்தி, வண்டலை அள்ளி, மறுபடியும் நீர் பாய்ச்சுவர். அந்த இடைவேளையே உப்புக்கொத்திகளுக்கு விருந்துக்காலம். கொழுத்த வண்டலில் பூச்சிகளின் இளம்புழுக்கள் நெளியும். ஒரு பேரி நிரம்பியதும் பக்கத்துப் பேரி வடிக்கப்படும். பறவைகள் அங்கே நகரும். தாபாவின் காய்கறி வயல்களுக்கும் அறுவடையான நெல்வயல்களுக்கும் போவதுண்டு. தூந்திரத்தில் ஒன்றுக்கொன்று நெருங்க விடாத பறவைகள் இங்கே கூட்டமாக நின்று இளைப்பாறுகின்றன. கூட்டத்தில் கண்கள் அதிகம். வல்லூறு வருவதை எதாவது ஒன்று கண்டுவிடும்.

ஆனால் விருந்து மண்டபம் சுருங்கி வருகிறது. தேசப் பிரிவினைக்குப் பின் கொல்கத்தாவுக்கு வந்து குவிந்த மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் திட்டப்படி, 1962 முதல் யுகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் வண்டலைக் குழாய்கள் வழியே இறைத்து உப்பேரியின் வடபகுதியைத் தூர்த்தது. இன்றைய பிதான்நகர் அங்கே எழுந்தது. அன்றைய தேவையை இன்று உட்கார்ந்துகொண்டு குறை கூறுவது நியாயமன்று. மனிதருக்கும் ஒதுங்க இடம் வேண்டும். பின்னர் நடந்தவற்றுக்கு அந்தச் சமாதானம் அவ்வளவு எளிதில் பொருந்தாது. எஞ்சிய நீர்நிலைகளிலும் வாணிப மாளிகைகள் எழுப்பும் திட்டம் வந்தபோது குடிமக்கள் அமைப்பொன்று கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடியது. 1992இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, இந்நீர்நிலைகளின் பயன்பாட்டை மாற்றலாகாது எனத் தீர்ப்பளித்தார். 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்டது. நம் கோடியக்கரையும் அதே பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் மாநிலச் சட்டமும் வந்தது. இருப்பினும் இரவோடிரவாக மண் கொட்டிப் பேரியின் மூலையை மேடாக்குவது ஓய்ந்தபாடில்லை. காகிதத்தில் நீர்நிலையாக இருக்கும் இடம் காலையில் சுவராக நிற்கும். வடக்கே இராஜர்காட்டில், புதுநகரம் எழும் முன்பு கொல்கத்தாவின் பறவை ஆர்வலர் உப்புக்கொத்திகளைத் தேடிச் சென்ற புல்வெளிகளில் பெரும்பகுதி இன்று சாலைகளும் அடுக்குமாடிகளுமாகிவிட்டன.

பிறந்தகத்திலும் நிலைமை மாறுகிறது. உலகின் மற்றப் பகுதிகளைவிட ஆர்க்டிக் பகுதி விரைந்து சூடேறுகிறது. தெற்கிலிருந்து புதர்கள் வடக்கே ஏறித் திறந்த தூந்திரத்தை மூடுகின்றன. பனி முன்னதாக உருகுவதால், பூச்சிகள் கிளம்பும் நாளும் முந்துகிறது. பறவை வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்குள் விருந்து பாதி முடிந்துவிடும். தைமீரில் பிறந்து ஆப்பிரிக்காவில் குளிர்காயும் ஓர் உள்ளான் இனத்தில், பனி முந்தி உருகிய ஆண்டுகளின் குஞ்சுகள் சிறுத்த உடலும் குட்டையான அலகுமாக வளர்ந்ததை 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. குட்டை அலகால், குளிர்கால நாட்டில் ஆழத்தில் புதைந்த சிப்பிகளை எட்ட முடியாமல் அவை மடிந்தன. வடக்கில் நேர்ந்த குறை தெற்கில் கொல்கிறது. லெம்மிங்கின் பெருக்கமும் சில இடங்களில் பழைய ஒழுங்கை இழந்துவிட்டது. 2024இல் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் உலக அளவில் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் பட்டியலில் ஏற்றப்பட்டன. பொன் உப்புக்கொத்தி இன்னும் அப்பட்டியலில் சேரவில்லை.

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் இப்பறவையைப் பார்க்க விரும்பினால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையில், வெயில் ஏறுமுன், வடிந்த பேரிகளின் வரப்பில் நின்று பார்க்கலாம். சாம்பல் உப்புக்கொத்தியோடு குழப்பம் நேர்வதுண்டு. அது சற்றுப் பருத்தது, தங்க நிறம் இல்லாதது. பறக்கும்போது சிறகின் அடியில், உடலோடு சேரும் இடத்தில், கரிய திட்டுத் தெரியும். பொன் உப்புக்கொத்திக்கு அந்த இடம் மங்கிய சாம்பற் பழுப்பு. குரலும் வேறு, நம்முடையது இரண்டு அசையாகத் தெளிவாகச் சீட்டியடிக்கும். சேற்றின் நிறமே நிறமாக இருக்கும் பறவையைத் தேடிச் சலித்தவர்கள் ஏப்ரல் வரையில் பொறுத்திருப்பது நல்லது. சித்திரை வெயிலில் ஒவ்வொரு பறவையின் வயிற்றிலும் கறுப்புத் திட்டுகள் தோன்றிப் பரவும். கழுத்தில் வெள்ளைக் கோடு இறங்கும். முழுக் கோலம் பூண்டவை முதலில் மறைந்துவிடும். மே மாதத்தில் பேரிகளில் நீர் நிரம்பியிருக்கும்போது ஒன்றும் இராது. அப்போது யமாலில் பனி இன்னும் முழுதும் விலகியிராது.